குதிரையின் பிடரி மயிரைக் கத்தரிக்கலாமா?

 

மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது ஆணையிட்டு ஒரு சூராவையே தொடங்குகின்றான் வல்ல அல்லாஹ். சூரத்துல் ஆதியாத்தைச் சிறு பிள்ளையிலேயே மக்தபில் மனனம் செய்துவிடுகிறோம். குளம்புகளில் பறக்கும் தீப்பொறியும், அதிகாலைப் பாய்ச்சலும், கிளம்பும் புழுதியும் அந்தச் சின்னஞ்சிறு வசனங்களில் கண் முன்னே நிற்கின்றன. சூரத்துந் நஹ்லின் 8-வது வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகிய மூன்றையும் கூறி, நீங்கள் ஏறிச் செல்வதற்காகவும் உங்களுக்கு அலங்காரமாகவும் அவற்றைப் படைத்ததாக அறிவிக்கின்றான். வாகனம் என்பதோடு நிறுத்தாமல் அலங்காரம் என்றும் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். குதிரையின் அழகும் இறைவன் கொடுத்த ஒரு நிஃமத்து என்பது இதிலிருந்து விளங்குகிறது.

மோட்டாரும் ஆட்டோவும் வந்த பிறகு குதிரையைப் பற்றிய மஸ்அலா எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஒரு காலத்தில் ரயிலடி தோறும் நின்ற ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன என்பது மெய்தான். ஆனால் குதிரை மறைந்துவிடவில்லை. ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் கூடும் சந்தைக்குச் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தியவார் என்றும் மார்வார் என்றும் மட்டக்குதிரை என்றும் எத்தனை வகைகள்! வாங்க வருகிறவர்களில் நம் சமுதாயத்தவரும் உண்டு. பந்தயத்திற்கு வாங்குகிறவர்கள் சிலர். கல்யாண ஊர்வலத்திற்கு வாடகைக்கு விட வாங்குகிறவர்கள் சிலர். வெறும் ஆசைக்காக வாங்குகிறவர்களும் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படி வாங்கப்பட்ட ஒரு பெண்குதிரையால் ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் பேசாமல் இருந்தார்கள். தகப்பனார் இளமையில் ஜட்கா ஓட்டியவர். மகன் அந்தக் குதிரையைக் கல்யாணங்களுக்கு விட்டுப் பிழைக்கிறான். அதன் பிடரி மயிர் அடங்காத மயிர். பாதி இடப்பக்கம் விழும், பாதி வலப்பக்கம் விழும், நடுவில் கொஞ்சம் குத்திட்டு நிற்கும். சிக்குப் பிடித்தால் காக்கைக் கூடுதான். ஐப்பசி மழை தொடங்கியதும் கழுத்தைத் தூணில் தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் புண்ணும் வந்துவிட்டது. கால்நடை மருத்துவர், மயிருக்கடியில் உண்ணி இருக்கிறது, புண்ணுள்ள இடத்தில் மயிரை எடுத்துவிட்டு மருந்து போடு என்றார். ஊர்வலத்தில் போட்டோ எடுக்கிறவர்களோ, முழுவதையும் ஒட்டக் கத்தரித்து மேலே பிரஷ் மாதிரி நிறுத்திச் சாயமும் பூசிவிட்டால் இன்னும் நாலு கல்யாணம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். மகன் கத்தரிக்கோலை எடுத்தான். தகப்பனார் தடுத்தார். குதிரையின் பிடரியில் கை வைத்தால் வீட்டின் பரக்கத்துப் போய்விடும், ஹதீதிலேயே வந்திருக்கிறது, அது ஹராம் என்றார். "முடிதானே அத்தா, வெட்டினால் முளைக்கும். நம் தலைமுடியை நாம் வெட்டவில்லையா?" என்றான் மகன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வாரம் கழித்து, வீட்டுப் பெண்களின் வற்புறுத்தலால், இருவருமாகச் சட்டம் கேட்க வந்தார்கள்.

இனி விஷயத்திற்கு வருவோம். பெரியவர் சொன்ன ஹதீது இருக்கிறதா? இருக்கிறது. உத்பா இப்னு அப்துஸ் ஸுலமீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஜிஹாதுப் பகுதியில் பதிவாகியிருக்கிறது. குதிரைகளின் நெற்றி மயிரையும் பிடரி மயிரையும் வால் மயிரையும் கத்தரிக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தடுத்ததோடு காரணமும் சொன்னார்கள். வால் அவற்றுக்கு ஈ ஓட்டும் விசிறி; பிடரி மயிர் அவற்றுக்குக் கதகதப்புத் தரும் போர்வை; நெற்றி மயிரிலோ நன்மை முடியப்பட்டிருக்கிறது. இதுதான் அதன் கருத்து. நெற்றி மயிரைப் பற்றிய இந்தக் கடைசிப் பகுதி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வேறு பல ஸஹாபாக்கள் வாயிலாக உறுதியாக வந்துள்ளது. கியாம நாள் வரை குதிரைகளின் நெற்றியில் நன்மை கட்டப்பட்டிருக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

கத்தரிப்பதைத் தடுக்கும் அபூதாவூதின் அறிவிப்பில் மட்டும் ஒரு செய்தி உண்டு. அதன் தொடரில் பனூ ஸுலைம் கோத்திரத்துப் பெரியவர் ஒருவர் பெயர் குறிப்பிடப்படாமல் வருகிறார். ஆகவே அதன் தரம் குறித்து ஹதீதுக்கலை அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. இமாம் அபூதாவூது அவர்கள் அந்தப் பாடத்திற்கு இட்ட தலைப்பிலே ஹராம் என்ற சொல் இல்லை. கராஹத்து, அதாவது வெறுக்கத்தக்கது என்ற சொல்லே இருக்கிறது. எனவே இதை ஹராம் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று கூறி அல்லாஹ்வின் மீது பொய்யை இட்டுக்கட்டாதீர்கள் என்று அதே சூரத்துந் நஹ்லின் 116-வது வசனம் எச்சரிக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் ஒன்றைத் தடுக்க நினைத்தால் உடனே எடுக்கிற ஆயுதம் இந்த ஹராம் என்ற சொல்தான். பிள்ளைகள் ஒருநாள் கிதாபைப் புரட்டிப் பார்த்து, அது ஹராம் இல்லை என்று கண்டுகொண்டால், மெய்யான ஹராமையும் அதே கணக்கில் தள்ளிவிடுகிறார்கள்.

அப்படியானால் மகன் சொன்னது சரியாகிவிட்டதா? இல்லை. ஹராம் இல்லை என்றவுடனே கத்தரிக்கோலைத் தேடுவது மார்க்கம் விளங்கியவரின் பண்பல்ல. தலைமுடிக்கும் குதிரையின் பிடரிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நமக்குக் கையிருக்கிறது, ஈயை ஓட்டிக்கொள்ளலாம். துணி இருக்கிறது, போர்த்திக்கொள்ளலாம். கட்டுத்தறியில் நிற்கும் வாயில்லாப் பிராணிக்கு அந்த மயிரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? மழைநீர் தோலில் இறங்காமல் கழுத்தின் இரு பக்கமும் வழிந்தோடச் செய்வதும் அதுதான். ஒட்டக் கத்தரித்தால் உடனே வளர்ந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். மாதத்திற்கு ஓர் அங்குலமோ அதற்கும் குறைவாகவோதான் வளரும். நீண்ட பிடரி பழைய நிலைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை அடுத்த ஆடிக் காற்றிலும் அடுத்த அடைமழையிலும் அது வெறுங்கழுத்தோடு நிற்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் குதிரையின் மயிரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு குதிரையின் நெற்றி மயிரைத் தம் விரலால் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டே, அதில் நன்மை கட்டப்பட்டிருப்பதைப் பெருமானார் கூறியதைத் தாம் கண்டதாக ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது முஸ்லிமில் இருக்கிறது. சட்டத்தை அறிவித்த வாயோடு, பாசத்தைக் காட்டிய விரலும் சேர்ந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்! மற்றொரு சமயம் தம்முடைய மேலாடையாலேயே குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்கப்பட்டபோது, குதிரையின் விஷயத்தில் இரவு தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறினார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இது வருகிறது. அண்ணலாரிடம் இருந்த குதிரைகளில் ஒன்றின் பெயர் லுஹைஃப். தரையை மூடுகிற அளவுக்கு அதன் வால் நீண்டிருந்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டதாக விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். அந்த வாலைக் கத்தரித்துச் சிறிதாக்காமல் அதையே அதற்குப் பெயராக்கிவிட்டார்கள்.

ஸுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளைப் பற்றி சூரா ஸாதில் வருகிறதல்லவா? அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, கால்களையும் கழுத்துகளையும் அவர்கள் 'மஸ்ஹு' செய்யத் தொடங்கினார்கள் என்கிறது 33-வது வசனம். வாளால் வெட்டினார்கள் என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களோ, குதிரைகளின் மீதிருந்த அன்பினால் அவற்றின் பிடரி மயிரையும் கால்களையும் கையால் தடவிக்கொடுத்தார்கள் என்று பொருள் சொல்கிறார்கள். இமாம் தபரீ அவர்களுக்கும் இதுவே ஏற்புடையது. எனக்கும் இந்தப் பொருளிலேதான் மனம் நிம்மதியடைகிறது.

இப்போது சட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். பிடரி மயிர் போர்வை என்பதற்காகவே தடை வந்தது. போர்வையாக இருக்க வேண்டிய மயிர் ஓரிடத்தில் உண்ணிக்கு வீடாகி, கீழே சீழ் பிடித்து, மருந்து உள்ளே இறங்க முடியாமல் நின்றால், அந்த இடத்தில் அது போர்வையாக இல்லை. அங்கே கத்தரிப்பது பிராணிக்குச் செய்யும் உபகாரமேயன்றி வேறில்லை. தேவை வரும்போது கராஹத்து நீங்கிவிடும் என்பது ஃபுகஹாக்களிடம் அறியப்பட்ட விதி. ஆகவே புண்ணுள்ள இடத்தில், புண்ணைச் சுற்றி மருந்து படும் அளவுக்குக் கத்தரிக்கலாம். மருத்துவர் சொன்னால் தயக்கமே வேண்டாம். அதுபோலக் கடிவாளத்தின் தலைவார் காதுகளுக்குப் பின்னால் அழுந்தும் இடத்தில் மயிர் சிக்கிக் குதிரைக்கு வலி கொடுத்தால், அந்த இரண்டு மூன்று விரற்கடை அளவு எடுத்துவிடுவதிலும் குற்றம் காண முடியவில்லை. நெற்றி மயிரை மட்டும் தொட வேண்டாம்; அது கண்ணில் மொய்க்கிற ஈயைத் தடுக்கிறது, நன்மை முடியப்பட்ட இடமும் அதுவே.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதாக சூரத்துந் நிஸாவின் 119-வது வசனம் கூறுகிறதே, மயிரைக் கத்தரிப்பது அதில் சேருமா என்றும் கேட்கப்பட்டது. அந்த வசனம் கால்நடைகளின் காதுகளை அறுப்பதைக் குறிப்பிடுகிறது. அறுத்த காது வளராது. வாலை எலும்போடு நறுக்கிவிடுவதும் அந்த வகையில் சேரும். அந்தக் கொடுமை சில நாடுகளில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. மயிரோ திரும்ப வளரக்கூடியது. ஆகவே அதை இதோடு சேர்த்துப் பயமுறுத்துவது பொருந்தாது.

ஆனால் வெறுமனே அடங்கவில்லை என்பதற்காகவும், போட்டோவில் நன்றாக விழவேண்டும் என்பதற்காகவும் முழுப் பிடரியையும் சிரைப்பது கூடாது என்பதே என் கருத்து. போலோ விளையாடும் குதிரைகளுக்கு மட்டையும் வாரும் சிக்காமலிருக்கப் பிடரியை ஒட்டச் சிரைத்துவிடுகிறார்கள். மனிதனின் விளையாட்டுக்காகக் குதிரையின் போர்வையைக் கழற்றுவதைத் தேவை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறகு, சாயம். பெருமைக்காகக் குதிரை வைத்திருப்பவனுக்கு அது பாவச்சுமை என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிற மூன்று வகைக் குதிரைகளின் ஹதீது எச்சரிக்கிறது. ஒருவனுக்குக் கூலி, ஒருவனுக்குத் திரை, ஒருவனுக்குச் சுமை. அந்த இளைஞன் நடுவில் உள்ளவன். பிறரிடம் கையேந்தாமல் பிழைப்பதற்காகக் குதிரை வைத்திருக்கிறான், அது அவனுக்குத் திரை. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த நடுத்தரத்தானுக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறார்கள்: அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் உரிமையை அவன் மறந்துவிடக்கூடாது. கழுத்து என்ற சொல்லே அதில் வந்துவிட்டது.

அடங்காத மயிரை என்ன செய்வது? கத்தரிக்கோல் இல்லாமலே அடக்கலாம். முதலில் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். பிறகு விரலால் சிக்கெடுக்க வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். அடியிலிருந்து இழுத்தால் வேரோடு பிடுங்கும், குதிரை அடுத்த முறை சீப்பைக் கண்டாலே தலையைத் தூக்கிக்கொள்ளும். சிக்கு நீங்கியதும் தண்ணீரால் நனைத்து, எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கமாகச் சீவி, பெண்பிள்ளைக்குப் பின்னுவதுபோலத் தளர்வாகச் சிறு சிறு சடைகளாகப் பின்னி, துணிநாடாவால் கட்டிச் சில நாள் விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பின்னினால் அரிப்பெடுத்துத் தேய்க்கும். அவிழ்த்துச் சீவி மறுபடி பின்ன வேண்டும். ஒரு மாதம் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் படிந்துவிடும். படியாவிட்டாலும் குற்றமில்லை, இரு பக்கமும் விழுந்தால் இரு பக்கமும் போர்வை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் குதிரைக்குக் கழுத்தரிப்பு வருவதற்குக் கண்ணில் சரியாகப் படாத சிறு கொசுக்களின் கடியும் காரணமாவதுண்டு. மாலை மங்கும் நேரத்தில் லாயத்தில் கட்டிப் புகை போடுவதும், தேங்கிய தண்ணீரையும் லத்தியையும் அகற்றுவதும் நல்லது. இதெல்லாம் ஜட்கா ஓட்டிய அந்தப் பெரியவருக்குத் தெரியாததல்ல. கேட்டபோது எனக்கே பாதியை அவர்தான் சொன்னார்! மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்க வேண்டியதில்லை. சண்டை மயிரைப் பற்றி என்று நினைத்தார்கள். வாழ்நாளெல்லாம் குதிரையோடு வாழ்ந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகன் கத்தரிக்கோலை எடுத்ததுதான் அவருக்கு வலித்திருக்கிறது என்பது பேச்சில் தெரிந்தது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளிவந்தது. பிடரிக்கடியில் ஒரு சுழி இருக்கிறதாம். அது வீட்டுக்கு ஆகாத சுழி என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மயிர் போனால் சுழி வெளியே தெரிந்து விலை குறையும் என்ற அச்சமும் பெரியவருக்கு உள்ளூர இருந்திருக்கிறது. சுழி பார்த்து விலை பேசுவது சந்தைகளில் நெடுநாள் பழக்கம். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. சகுனம் என்று ஒன்று எதிலாவது இருக்குமானால் வீட்டிலும் பெண்ணிலும் குதிரையிலும் இருக்கும் என்று புகாரீயில் வரும் அறிவிப்பைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். 'இருக்குமானால்' என்ற சொல்லை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, அது அறியாமைக் காலத்து மக்களின் பேச்சு என்றே பெருமானார் எடுத்துச் சொன்னதாகக் கூறி மறுத்திருக்கிறார்கள். மயிர் முளைத்த திசைக்கு ஒரு குடும்பத்தின் ரிஸ்கை மாற்றும் சக்தி ஏது?

இதைவிட அவசியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிடரி மயிரைக் கத்தரிக்கலாமா என்று நுணுக்கமாகச் சட்டம் கேட்கிற நாம், சேணத்துக்கடியில் முதுகு வெந்து கிடப்பதைப் பற்றிக் கேட்கிறோமா? கல்யாண ஊர்வலத்தில் காதடைக்கும் மேளத்திற்கும் வெடிக்கும் நடுவே, தார்ச்சாலையில் தேய்ந்த லாடத்தோடு, தண்ணீர் காட்டாமல் மூன்று மணி நேரம் நிறுத்துகிறார்களே, அதற்கு என்ன சட்டம்? வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இந்த வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார்கள். முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையைக் கண்டபோது, அப்படிச் செய்தவனைச் சபித்தார்கள். மயிர் விஷயத்தில் தடுத்ததற்கும் இவற்றுக்கும் தொனியில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நம் நாட்டிலும் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சுகிறவன் போலீஸ்காரர் நிற்கும் தெருமுனை வரைதான் அஞ்சுவான்.

இராவுத்தர் என்ற பெயருக்கே குதிரையேறுகிறவர் என்பதுதானே பொருள்? அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டுக் கரையில் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் குதிரை வாணிபத்தையும் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளில், ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்களும் லாடம் கட்டத் தெரிந்தவர்களும் இல்லாததே காரணம் என்றும் அவர் குறித்திருக்கிறார். பொன்னுக்குக் குறைவில்லை, கைப்பக்குவம்தான் இல்லை. அந்தக் கைப்பக்குவம் உள்ள முதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். குதிரை வாங்கும் வாலிபர்கள் சந்தைக்குப் போகும் முன்பு அவர்களிடம் போகட்டும்.

வீட்டுப் பெண்கள் கேட்டனுப்பிய ஒரு சந்தேகம் பாக்கியிருக்கிறது. சிக்கெடுக்கும்போது உதிர்ந்த குதிரை மயிரும் அதன் வியர்வையும் உடையில் ஒட்டிக்கொண்டால் அந்த உடையோடு தொழலாமா? தொழலாம். ஹனஃபீ மத்ஹபில் குதிரையின் மயிரும் வியர்வையும் சுத்தமானவை. ஷாஃபிஈ மத்ஹபில் குதிரை இறைச்சி ஹலாலாகையால் உயிரோடிருக்கும்போது உதிர்ந்த மயிரும் சுத்தமே, வியர்வையிலும் குறையில்லை. புண்ணிலிருந்து வந்த இரத்தமோ சீழோ, லத்தியோ சிறுநீரோ பட்டிருந்தால் கழுவிவிட்டுத் தொழ வேண்டும். கத்தரித்த மயிரை ஓரமாக மண்ணில் புதைத்துவிடலாம். வல்லாஹு அஃலம்.